ஓடை நீர் சுத்தம் என்றால் நண்டும் சுத்தமா?

நீங்கள் கேட்டதைச் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார்த்துவிடுகிறேன். அலையாத்திக் காட்டுக்குள் ஓடும் ஓர் ஓடையில் பல வருடங்களாகத் தொழிற்சாலைக் கழிவு கலந்திருக்கிறது. நீரைப் பரிசோதித்ததில் ஈயமும் காட்மியமும் வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. அலையாத்தி மரங்கள் கன உலோகங்களை உறிஞ்சி நீரைச் சுத்தப்படுத்தும் என்றும் எங்கோ படித்திருக்கிறீர்கள். அப்படியானால் அங்கே கிடைக்கும் நண்டையும் மட்டியையும் பயமில்லாமல் சாப்பிடலாமா, இன்னும் மரம் நட்டால் மிச்சமிருப்பதும் போய்விடுமா என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் வேறொரு கேள்வி இருக்கிறது. கழிவோடு வந்த உலோகம் இப்போது எங்கே இருக்கிறது? அது தெரிந்தால் மற்றவை தானாகத் தெளிந்துவிடும்.

கழிமுகச் சேற்றை அள்ளி, உலர்த்தி, அமிலத்தில் கரைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் இருபது வருடங்களுக்கு மேலாக என் வேலை. அதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் அறிக்கையில் தவறே இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் அது பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை. அப்படிப்பட்ட ஓடைகளில் உலோகத்தின் பெரும்பகுதி சேற்றில்தான் கிடக்கும், நீரில் தேடினால் கொஞ்சம்தான் அகப்படும்.

ஏன் அப்படி என்றால், ஆற்று நீர் கடல் நீரைத் தொட்டதும் அதில் மிதந்து வரும் நுண்ணிய களிமண்ணும் இரும்புத் துகள்களும் உப்பினால் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுகொள்ளும். ஈயம், செம்பு போன்றவை ஏற்கெனவே அந்தத் துகள்களைப் பற்றிக்கொண்டுதான் வரும். அலையாத்தியின் முட்டு வேர்களும் மூச்சு வேர்களும் நீரின் வேகத்தைத் தணிக்கும்போது துகள்கள் அடியில் படியும், உலோகமும் கூடவே படியும். காட்மியம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. உப்பு நீரில் உள்ள குளோரைடு அதைத் துகளிலிருந்து பிடுங்கி மறுபடி நீருக்குள் இழுத்துக்கொள்ளும். அதனால் எல்லா உலோகத்துக்கும் ஒரே கதையைச் சொல்ல முடியாது. ‘கன உலோகம்’ என்ற சொல்லே ஒரு திட்டவட்டமான வரையறை இல்லாத சொல்தான். சர்வதேச வேதியியலாளர் அமைப்பான ஐயூபேக் 2002இல் வெளியிட்ட ஓர் அறிக்கை அந்தப் பெயரைப் பொருளற்றது என்றே சொன்னது. பழகிப்போன சொல் என்பதால் நாங்களும் பயன்படுத்துகிறோம், ஆனால் ஒவ்வொரு உலோகத்தையும் தனியாகத்தான் யோசிக்க வேண்டும்.

படிந்த பிறகு நடப்பதுதான் அலையாத்திக் காட்டின் தனித்தன்மை. விழுந்த இலைகளும் வேர்களும் மக்கிக் கிடக்கும் அந்தச் சேற்றில் ஆக்ஸிஜன் மேலே சில மில்லிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே தீர்ந்துவிடும். அதற்குக் கீழே இருக்கும் பாக்டீரியாக்கள் கடல் நீரில் ஏராளமாக உள்ள சல்பேட்டைக் கொண்டு சுவாசித்து, சல்பைடை வெளியே விடும். காலை வைத்ததும் எழும் அழுகின முட்டை வாடையும் சேற்றின் கறுப்பு நிறமும் இதனால் வருபவைதான். இந்தச் சல்பைடு ஈயம், காட்மியம், செம்பு, துத்தநாகம், பாதரசம் ஆகியவற்றோடு சேர்ந்து நீரில் ஏறக்குறையக் கரையவே கரையாத சேர்மங்களாகிவிடும். குரோமியம் சல்பைடாக மாறாது. ஆனால் குரோமியம்-6 என்ற அதன் அதிக நச்சுள்ள வடிவம் இந்தச் சேற்றில் நச்சு குறைந்த குரோமியம்-3 ஆகி, துகள்களில் ஒட்டிக்கொள்ளும். ஆக, வாடை வீசுகிறதே என்று நாம் மூக்கைப் பொத்திக்கொள்ளும் அந்தக் கறுப்புச் சேறுதான் உலோகங்களைப் பூட்டி வைத்திருக்கிறது. இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. பல நாடுகளில், பலர், திரும்பத் திரும்பப் பார்த்து உறுதிசெய்த வேதியியல் இது.

சரி, மரங்கள் உறிஞ்சுவதில்லையா? உறிஞ்சும், ஆனால் நீங்கள் படித்த கட்டுரை சொல்லும் அளவுக்கு இல்லை. மரம் தன் வேருக்கு ஆக்ஸிஜனை அனுப்புகிறது. அதில் கொஞ்சம் வேரைச் சுற்றியுள்ள சேற்றில் கசிந்து, அங்கே இரும்பைத் துருவாக்கி, வேரின் மேல் ஒரு செம்பழுப்புப் படலத்தை உண்டாக்குகிறது. ஒரு மூச்சு வேரையோ மெல்லிய சல்லி வேரையோ பிடுங்கிக் கழுவிப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். உலோகத்தில் நல்ல பங்கு அந்தப் படலத்திலேயே நின்றுவிடும். தாண்டி உள்ளே போவதும் பெரும்பாலும் வேரோடு தங்கிவிடும். தண்டுக்கும் இலைக்கும் ஏறுவது குறைவு. செம்பும் துத்தநாகமும் மரத்துக்கே சிறிய அளவில் தேவை என்பதால் ஓரளவு ஏறும். வெண்கண்டல் மரம் இலைச் சுரப்பிகள் வழியாக உப்பை வெளியேற்றும்போது கொஞ்சம் துத்தநாகத்தையும் சேர்த்து வெளியேற்றுவது பதிவாகியிருக்கிறது. ஈயம் பெரும்பாலும் வேர்களைத் தாண்டுவதே இல்லை. பிரேசிலின் செபெடிபா விரிகுடா துத்தநாகத்தாலும் காட்மியத்தாலும் கெட்டுப்போன இடம். அங்குள்ள அலையாத்திக் காட்டில் மரத்தில் எவ்வளவு, சேற்றில் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தபோது, ஏறக்குறைய எல்லாமே சேற்றில்தான் இருந்தது. மரத்தில் இருந்தது மிகச் சிறிய பங்கு. நான் வேலை செய்த இடங்களிலும் இதற்கு மாறாக எதையும் பார்த்ததில்லை.

ஆகவே அலையாத்திக் காடு உலோகங்களை ‘நீக்குகிறது’ என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எண்ணெய்க் கசிவையோ சாக்கடைக் கழிவையோ நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். ஈயத்தை எந்த உயிராலும் சிதைக்க முடியாது, அது ஒரு தனிமம். காடு அதைச் சேர்த்துக் கிடங்கில் வைத்திருக்கிறது. கிடங்கு மூடியிருக்கும்வரை கடலுக்குப் பெரும் நன்மை. திறந்தால்தான் தொல்லை.

திறக்கக்கூடிய வழிகள் பல. மிக மோசமானது, இறால் பண்ணைக்காகவோ சாலைக்காகவோ காட்டை வெட்டிச் சேற்றைக் காயப்போடுவது. அந்தச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் நிறைய இருக்கும். காற்றுப் பட்டதும் அது கந்தக அமிலமாக மாறும். பி.எச். அளவு (குறையக் குறைய அமிலம் கூடுகிறது என்று பொருள்) 4க்குக் கீழே போய்விடும், சில இடங்களில் 3க்கும் கீழே. அந்த அமிலத்தில் அலுமினியம் கரைந்து வரும், பூட்டிக் கிடந்த மற்ற உலோகங்களும் கூடவே வரும். அப்படி வெட்டிய ஒரு பண்ணைக் கரையில் முதல் மழைக்குப் பிறகு வடிந்த நீர் துருநிறமாக ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். வாய்க்காலின் ஓரமெல்லாம் சிறு மீன்கள் செத்து ஒதுங்கிக் கிடந்தன. புதிதாக எந்தக் கழிவையும் யாரும் கொட்டியிருக்கவில்லை. பல வருடங்களுக்கு முன் வந்து படிந்தது, மண்வெட்டி பட்டதால் வெளியே வந்தது. ஓடையைத் தூர் வாருவதும், புயல் கரையைப் பெயர்ப்பதும் சேற்றைக் கலக்கிவிடும். ஆனால் அவற்றின் விளைவு எவ்வளவு நாள் நீடிக்கும் என்பது இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். கலங்கிய துகள்களில் பெரும்பகுதி கொஞ்ச தூரத்திலேயே மறுபடி படிந்துவிடுவதும் உண்டு.

பாதரசத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். மற்ற உலோகங்களைப் பூட்டி வைக்கும் அதே சல்பேட் பாக்டீரியாக்களில் பல, பாதரசத்தை மெத்தில் பாதரசம் என்ற, உடலில் எளிதில் சேரும் நச்சு வடிவமாக மாற்றும் திறன் கொண்டவை. அதற்குக் காரணமான இரண்டு மரபணுக்களை 2013இல்தான் கண்டுபிடித்தார்கள். மெத்தில் பாதரசம் புழுவிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் போகப் போகச் செறிவு கூடிக்கொண்டே போகும். ஈயமும் காட்மியமும் பொதுவாக மீன் தசையில் இப்படிப் படிப்படியாக ஏறுவதில்லை. எனவே உங்கள் ஓடையில் பாதரசம் கலக்க வாய்ப்பிருந்தால் கொடுவா போன்ற இரை தின்னும் மீன்களைக் கவனிக்க வேண்டும். ஈயம், காட்மியம் என்றால் சேற்றோடு வாழும் மட்டியையும் நண்டையும் கவனிக்க வேண்டும். அலையாத்திக் காடுகளிலிருந்து வற்றும் நீரோடு மெத்தில் பாதரசம் வெளியே போவதை அளந்திருக்கிறார்கள். எவ்வளவு போகிறது என்பதில் மட்டும் ஒரு காட்டின் எண்ணை இன்னொரு காட்டுக்குப் பொருத்த முடியாது.

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். நீரை எப்போது எடுத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். நீர் ஏறியிருக்கும் நேரத்தில் எடுத்திருந்தால், அது பெரும்பாலும் அப்போதுதான் உள்ளே வந்த கடல் நீர். நண்டு வளைகளிலும் சேற்று இடுக்குகளிலும் ஊறிக் கிடந்த நீர் வடிவது வற்றம் முடியப்போகும் கடைசி நேரத்தில்தான். காட்டின் உள்ளே நடப்பதை அந்த நீர் சொல்லும். அடுத்து, எந்த வரம்பு என்று கேளுங்கள். குடிநீருக்கு உலக சுகாதார அமைப்பு வைத்திருக்கும் அளவு ஈயத்துக்கு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், காட்மியத்துக்கு 3 மைக்ரோகிராம். ஓடையை யாரும் குடிப்பதில்லை, அந்த வரம்பை இங்கே வைப்பதில் பொருளில்லை. திறந்த கடல் நீரில் ஈயம் லிட்டருக்குச் சில நானோகிராம்தான் இருக்கும். குடிநீர் வரம்புக்குள் இருக்கிறது என்பதால் ஓடை இயல்பு நிலையில் இருக்கிறது என்று ஆகிவிடாது.

உப்பு நீரில் உலோகத்தை அளப்பது அத்தனை எளிதான வேலையும் இல்லை. அணுக்களை நிறையை வைத்து அடையாளம் காணும் கருவிக்குள், அதை இயக்கும் ஆர்கான் வாயுவும் உப்பிலுள்ள குளோரினும் சேர்ந்து ஆர்செனிக்கின் அதே நிறை எண்ணான 75இல் வந்து நிற்கும். கவனிக்காத ஆய்வகம் உப்பையே ஆர்செனிக் என்று எழுதிவிடும். கிளேர் பாட்டர்சன் என்ற அமெரிக்க வேதியியலாளர் ஆய்வகத் தூசியையும் பாத்திரங்களையும் கடுமையாகக் கட்டுப்படுத்தி அளந்தபோது, கடல் நீரின் ஈயம் பற்றி அதுவரை வெளிவந்திருந்த எண்களில் பல மாதிரிக்குள் வெளியிலிருந்து புகுந்த ஈயத்தால் பல மடங்கு ஊதிப்போனவை என்று தெரிந்தது. அதனால் ‘வரம்பைத் தாண்டிவிட்டது’ என்ற அறிக்கையையும் நான் உடனே நம்பமாட்டேன். வடிகட்டிய நீரா, கலங்கலோடு எடுத்ததா, ஒப்பிட உலோகமில்லாத தூய நீரில் ஒரு வெற்று மாதிரி வைத்தார்களா என்று கேட்டபிறகுதான் நம்புவேன்.

சேற்றை அளந்தால் நிலைமை தெளிவாகும், அங்கேயும் ஒரு எச்சரிக்கை உண்டு. நுண்ணிய களிமண்ணில் உலோகம் இயல்பாகவே கூடுதலாக இருக்கும், மணலில் குறைவாக இருக்கும். இரண்டு இடங்களை ஒப்பிடும்போது, களிமண்ணில் இயல்பாகவே உள்ள அலுமினியத்தையும் சேர்த்து அளந்து, அதற்கு எத்தனை பங்கு ஈயம் என்று பார்த்தால்தான் நியாயமான ஒப்பீடு. இதைச் செய்யாமல், பூமி மேலோட்டின் சராசரியை வைத்து வகுத்து, அதற்கு ஒரு குறியீட்டு எண் கொடுத்து, ‘மிகக் கடுமையான மாசு’ என்று முடிக்கும் ஆய்வுகள் நிறைய வருகின்றன. அவற்றை வைத்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா பயன்படுத்தும் வழிகாட்டி எண்களில் ஈயத்துக்கு உலர்ந்த சேற்றில் கிலோவுக்கு 46.7 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் உயிர்களுக்குப் பாதிப்பு அரிது, 218க்கு மேல் என்றால் பாதிப்பு அடிக்கடி தெரியும். காட்மியத்துக்கு இதே இரண்டு எண்கள் 1.2, 9.6. பாதரசத்துக்கு 0.15, 0.71. இவை பெரும்பாலும் வட அமெரிக்கக் கடற்கரைகளின் தரவிலிருந்து வந்தவை. சல்பைடு மிகுந்த அலையாத்திச் சேற்றில் அதே அளவு உலோகம் குறைவான தீங்கே செய்யக்கூடும். எங்கே இன்னும் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று காட்டுவதற்கு மட்டுமே அவை உதவும், தீர்ப்பு சொல்ல உதவாது.

நண்டையும் மட்டியையும் பற்றிய உங்கள் நேரடிக் கேள்விக்கு, அவற்றின் சதையை அளக்காமல் ஆம் என்றோ இல்லை என்றோ என்னால் சொல்ல முடியாது. சேற்றின் எண்ணைப் பார்த்து நண்டின் எண்ணை யூகிக்கும் சூத்திரம் எதுவும் நம்பும்படி இல்லை. ஆனால் உறுதியாகத் தெரிந்த சில விஷயங்கள் உங்களுக்கு உதவும். மட்டியும் சிப்பியும் நாள் முழுக்க நீரை வடிகட்டித் தின்பவை என்பதால் உலோகத்தைச் சேர்த்துக்கொள்ளும். சிப்பிகள் துத்தநாகத்தையும் செம்பையும் அளவு கடந்து சேர்க்கும். 1986இல் தைவானின் எர்ரென் ஆற்று முகத்துவாரப் பகுதியில் சிப்பிகள் செம்பினால் பச்சை நிறமாகவே மாறிப்போயின. நண்டில் கால், கொடுக்குச் சதையைவிட, ஓட்டைத் திறந்ததும் தெரியும் மஞ்சளும் பழுப்புமான மெத்தென்ற பகுதியில்தான் காட்மியம் சேரும். அது ஈரலும் கணையமும் சேர்ந்த உறுப்பு. வெள்ளைச் சதையைப்போல் பல மடங்கு காட்மியம் அதில் இருப்பது வழக்கம். ஐரோப்பிய ஒன்றியம் நண்டு, இறால் வகைகளுக்கு வைத்துள்ள கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்ற காட்மிய வரம்பே வெள்ளைச் சதைக்குத்தான். மட்டி வகைக்கு அங்கே வரம்பு 1 மில்லிகிராம்.

அந்த 1 மில்லிகிராம் என்றால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உணவிலுள்ள நச்சுகளை மதிப்பிடும் சர்வதேச நிபுணர் குழு காட்மியத்துக்கு வைத்திருக்கும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மாதம் 1.5 மில்லிகிராம். வரம்பின் விளிம்பில் இருக்கும் மட்டிச் சதையை மாதம் ஒன்றரைக் கிலோ தின்றால் அந்த அளவு அதிலேயே முடிந்துவிடும். தானியத்திலும் கீரையிலும் வருவதற்கு இடமே இருக்காது. எப்போதாவது ஒரு முறை சாப்பிடுபவருக்கு இது பெரிய விஷயமில்லை. தினம் சேற்றில் இறங்கிப் பொறுக்கி அதையே வீட்டில் சமைக்கிற குடும்பத்துக்குப் பெரிய விஷயம். இந்த வேறுபாட்டைப் பொதுவான அறிவிப்புகள் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு இதில்தான் மிகவும் வருத்தம். காட்மியம் சிறுநீரகத்தில் பத்து வருடங்களுக்கு மேல் தங்கும். ஈயத்துக்கோ அதே குழு தான் முன்பு வைத்திருந்த அளவை 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பொறுத்தவரை இதுவரை பாதிப்பில்லை என்று சொல்லும்படியான ஒரு கோடு கிடைக்கவில்லை என்பதே காரணம்.

சமைப்பதால் உலோகம் அழியாது. நண்டை முழுசாக வேகவைத்தால் அந்த மஞ்சள் பகுதியிலுள்ள காட்மியத்தில் கொஞ்சம் வேகும் நீரில் இறங்கும். எனவே சந்தேகமுள்ள இடத்து நண்டு என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிட்டுச் சமைப்பதும், வேகவைத்த நீரைக் கொட்டிவிடுவதும் செலவில்லாத பாதுகாப்பு. மட்டியை ஒன்றிரண்டு நாள் சுத்தமான நீரில் போட்டு வைத்தால் கிருமிகள் பெருமளவு குறையும், உலோகம் அப்படிக் குறையாது. அதற்கு வாரங்களும் மாதங்களும் ஆகும். அப்புறம் ஒன்று, யாராவது ‘மொத்த ஆர்செனிக் அதிகம்’ என்று பயமுறுத்தினால், அதில் நச்சுள்ள வடிவமான கனிம ஆர்செனிக் எவ்வளவு என்று கேளுங்கள். கடல் உயிர்களில் இருப்பதில் பெரும்பகுதி ஆர்செனோபீட்டைன் என்ற தீங்கில்லாத வடிவம்.

மரம் நடுவதைப் பற்றி. நடுங்கள், நிச்சயமாக நடுங்கள், ஆனால் உலோகத்தை எடுத்துவிடும் என்ற எதிர்பார்ப்போடு வேண்டாம். வேர்கள் சேற்றைப் பிடித்து நிறுத்தும், புது வண்டல் மேலே படியப் படியப் பழைய உலோகம் ஆழத்துக்குப் போகும். அதுதான் மரம் செய்யும் வேலை. நடுவதற்காகக் கால்வாய் வெட்டி ஆழத்துச் சேற்றை மேலே அள்ளிக் குவிப்பது மட்டும் கூடாது. கழிவு வருவது நிற்காவிட்டால் இதில் எதுவும் உதவாது. நின்றாலும் உடனே சரியாகிவிடாது. ஜப்பானின் மினமாட்டா விரிகுடா அலையாத்திக் காடு இல்லைதான், ஆனால் சேற்றின் கதை அதேதான். அங்கே பாதரசம் கலந்த மீனைத் தின்றவர்களுக்கு வந்த நோய் 1956இல் வெளியே தெரிந்தது, 1968இல் பாதரசக் கழிவு நின்றது. அடியில் கிடந்த சுமார் 15 லட்சம் கன மீட்டர் சேற்றில் ஒரு பகுதியை அள்ளியும், மீதியை இருந்த இடத்திலேயே அடைத்தும், 58 ஹெக்டேர் பரப்பை மூடி முடிக்க 1990 ஆகிவிட்டது. மீன் பாதுகாப்பானது என்று அறிவித்து விரிகுடாவின் தடுப்பு வலையை எடுத்தது 1997இல்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இன்னொரு நீர்ப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்க மாட்டேன். ஒரே அளவுள்ள மட்டிகள் பத்துப் பதினைந்தை ஒன்றாக அரைத்து ஒரு மாதிரி, நண்டின் வெள்ளைச் சதை ஒரு மாதிரி, மஞ்சள் பகுதி தனி மாதிரி, மேல் இரண்டு சென்டிமீட்டர் சேறு ஒரு மாதிரி என்று எடுத்து ஈயம், காட்மியம், பாதரசம் மூன்றையும், சேற்றில் மட்டும் அலுமினியத்தையும் பார்க்கச் சொல்வேன். கழிவு வராத பக்கத்து ஓடை ஒன்றிலிருந்தும் அதேபோல் எடுக்க வேண்டும், ஒப்பிட வேறு வழியில்லை. முடிவு வரும்வரை கருவுற்ற பெண்களும் சிறு பிள்ளைகளும் அந்த ஓடை மட்டியைத் தவிர்க்கட்டும். எண்கள் கையில் வந்ததும், சேற்றின் அலுமினிய அளவையும் சேர்த்து எழுதுங்கள், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.